ஒரு பன்றிக்குட்டியின் முதுகு மயிர்: ஷாங்காய்க்கு ஒரு திறந்த மடல்

ஷாங்காய் அனிமேஷன் ஃபிலிம் ஸ்டுடியோவினருக்கும் இயக்குநர் யூ ஷுய் அவர்களுக்கும்,

வணக்கம். 2025 ஆகஸ்டில் சீனாவில் வெளிவந்த உங்கள் 'நோபடி' படம் பார்த்தேன். அதில் வரும் மிருக உருவப் பூதங்களைச் சீனத்தில் 'யாவ்குவாய்' என்பார்கள். அதைத் தமிழில் என்ன சொல்வது? அரக்கன் என்றால் பத்துத் தலை கேட்கும். பேய் என்றால் முதலில் செத்தாக வேண்டும். குட்டிப் பூதம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

புனித நூல் தேடிப் போகும் ஒரு துறவியையும் அவர் சீடர்களையும் பற்றிய பழைய சீன நாவலான 'மேற்கு நோக்கிய பயணம்' கதையை, அந்தச் சீடர்களில் ஒருவனான குரங்கு வீரன் சன் வூகோங் பக்கம் நின்று சொன்னவர்கள் ஏராளம். நீங்கள் அவனிடம் அடிவாங்கிச் சாகிற, பெயர்கூட இல்லாத அடியாள் பூதங்களோடு போய் உட்கார்ந்தீர்கள். பன்றி, தேரை, மரநாய், கொரில்லா நான்கும் அந்தத் துறவியும் சீடர்களுமாக வேஷம் கட்டுகின்றன. வாய் ஓயாத மரநாய்க்கு அதிகம் பேசாத சீடர் வேஷம். நாலு பேரைக் கண்டாலே கூசுகிற கொரில்லாவுக்குக் குரங்கு வீரன் வேஷம்! இந்த யோசனை யாருடையதோ, அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள்.

படத்தின் பின்னணியில் வரும் மை கசிந்த மலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மை ஓவியத்தில் தலைப்பிரட்டைகளை நீந்தவிட்டுக் குறும்படம் எடுத்து 60 ஆண்டு தாண்டிய ஸ்டுடியோ உங்களுடையது.

குறை கடைசிப் பகுதியில்தான். போலிப் புத்தராக வீற்றிருக்கும் மஞ்சள் புருவ அரசனோடு மோதல் தொடங்கியதும் ஒளி, வெடிப்பு, பேருருவம் என்று எந்தப் படத்திலும் பார்க்கிற சண்டையாகிவிடுகிறது. நான்கும் தங்களைப் பூதங்களாக்கிய தவப்பலனை எரித்துவிட்டு வெறும் மிருகங்களாகும் இடத்தில் கண் கலங்கியது உண்மை. ஆனாலும் ஏமாற்றம்தான். வீரனாக ஆகாதவர்களின் கதை என்றுதானே அழைத்து வந்தீர்கள்?

இந்தப் படத்துக்கு விதையான உங்கள் 2023 குறும்படம் எனக்கு இதைவிட உசத்தி. மேலாளர் சட்டியைத் தேய்க்கச் சொல்கிறார். பன்றிக்குட்டி தன் முதுகு மயிராலேயே தேய்க்கிறது. மயிர் உதிர்ந்த முதுகோடு வீட்டுக்குப் போனால், நிறையத் தண்ணீர் குடி என்கிறாள் அம்மா. அலுவலகத்தில் வேலை பார்க்கிற எவருக்கும் அந்த முதுகு அரிக்கும். ஒரு வெடிப்புகூட அதற்குத் தேவைப்படவில்லை.

சீனாவில் இதுவரை வந்த இருபரிமாண அனிமேஷன் படங்களில் வசூலில் முதலிடம் இதற்குத்தான். அதனால் அடுத்ததை இன்னும் பெரிதாக எடுக்கச் சொல்லி உங்களை நெருக்குவார்கள். மசியாதீர்கள். ஏதாவதொரு குட்டிப் பூதம் தன் அரசனிடம் போய் ஒரு நாள் லீவு கேட்கட்டும். அதை இரண்டு மணி நேரம் பார்க்க நான் தயார்.

அன்புடன்,
ஒரு தமிழ் ரசிகன்