வாழைப்பழக் கணக்கு

ஆசிரியருக்கு,

கிராமத்துக் காதல் நகைச்சுவைப் படம் எடுப்பவர்கள், 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு ரூபாய், இரண்டு பழம்; அவ்வளவுதான் சரக்கு. 'இன்னொரு பழம் எங்கே?' என்ற கேள்வி மாறாது, 'அதுதான் இது' என்ற செந்திலின் பதிலும் மாறாது. ஏறிக்கொண்டே போவது கவுண்டமணியின் குரல் மட்டும். செந்தில் ஓரிடத்தில் குறும்பாகச் சிரித்திருந்தால் காட்சி படுத்திருக்கும். கடைசிவரை அப்பாவி முகம்தான்.

இப்போதோ பதில் வாயிலிருந்து வருமுன்பே பின்னணி இசை 'டொய்ங்' என்கிறது. கேமரா பக்கத்தில் நிற்பவர் முகத்துக்குத் தாவுகிறது. நாம் சிரிக்க வேண்டிய அரை நொடியை அதுவே தின்றுவிடுகிறது.

இன்னொன்று, கரகத்துக்கு நையாண்டி மேளம்தான்: நாயனம், தவில், பம்பை. தொண்ணூறுகளில் நடக்கும் மதுரைப் பக்கத்துக் கதையில் கரகத்துக்குக் கேரளத்துச் செண்டை மேளம் எதற்கு? (இன்றைய திருவிழா என்றால் மன்னித்துவிடலாம்.)

- ஒரு வாசகர், மதுரை