ஏசி என்றாலே கேஸ்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபத்தில் 16 வருடமாக டாக்ஸி ஓட்டுகிறேன். ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தேவிபட்டினம், ஏர்வாடி என்று என் சவாரி எல்லாம் கடலை ஒட்டித்தான். கார் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று ஒர்க்ஷாப்பில் போய் நின்றால், பானெட்டைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது: "கேஸ் இறங்கியிருக்கும்ணே, போட்டுரலாம்." ஒரே வருடத்தில் மூன்று தடவை போட்டேன். அந்தக் காசு போன பிறகு தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பாம்பனில் புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து, அதைப் படம் பிடிக்க ரோட்டுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள். லீவு நாளில் பாலத்தில் மாட்டினால் அரை மணி நேரம் நகர முடியாது. அப்படி ஒரு மத்தியானம், உச்சிப்புளியிலிருந்து ஜில்லென்று வந்துகொண்டிருந்த ஏசி, பாலத்தில் நின்றதும் காய்ச்சல்காரன் மூச்சு மாதிரி சுடச்சுட ஊத ஆரம்பித்தது. பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். பாலம் தாண்டித் தங்கச்சிமடம் வருவதற்குள் பழையபடி குளிர்ந்துவிட்டது.

கோளாறு எங்கே என்று அதிலேயே தெரிந்திருக்க வேண்டும். வண்டிக்குள்ளிருந்து இழுத்த சூட்டை வெளியே விடுவது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர். ஓடும்போது எதிர்க்காற்றே அதை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். என் வண்டியில் ஃபேன் சுற்றவே இல்லை. ஒயர் சாக்கெட்டில் உப்புக்காற்று பட்டுப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஏசியைப் போட்டுவிட்டு முன்பக்கம் போய்ப் பார்த்தாலே தெரிகிற விஷயம். ஆனால் ஒர்க்ஷாப்பில் செய்தது, இருக்கிற கேஸின் மேலேயே இன்னும் கொஞ்சம் ஏற்றியதுதான். அளவுக்கு மேல் ஏற்றினால் பிரஷர் கூடிக் குளிர்ச்சி இன்னும் குறையும். கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரஸரைப் பிரஷர் சுவிட்ச் நிறுத்திவிடும். எனக்கு அதுதான் நடந்தது. 1,800 ரூபாய் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன்.

கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது. சின்னக் காருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. எத்தனை கிராம் என்று பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருடத்தில் கொஞ்சம் கசியலாம். இரண்டு மாதத்தில் குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். எங்கள் பக்கம் முதலில் பார்க்க வேண்டிய இடம் கண்டென்சர். அலுமினியத் தகடு, ஆடிக் காற்றில் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை ரோட்டில் பறக்கும் உப்பும் மணலும் நேராக அதன் முகத்தில்தான் அடிக்கும். கேஸ் கசியும்போது கம்ப்ரஸர் ஆயிலும் கூடவே வரும். என் வண்டியில் கண்டென்சரின் கீழ் மூலையில் புழுதி பிசுபிசுவென்று அப்பியிருந்தது. சோப்பு நுரை தடவினால் முட்டை முட்டையாக வந்தது. அதற்குள் இரண்டாவது, மூன்றாவது கேஸும் போட்டு முடித்திருந்தேன்! கடைசியில் கண்டென்சரையே மாற்றினேன். இப்போது வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுகிறேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் ஆகாது, அதுவே உப்பு. பிரஷர் கன்னும் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

அடுத்தது நாற்றம். "தம்பி, கருவாடு ஏத்துற வண்டியா இது?" என்று ஒரு அம்மா கேட்டேவிட்டார். மானம் போயிற்று. நான் கருவாடு ஏற்றியதே இல்லை. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிறவர்கள் சொட்டச் சொட்ட ஈரத்துணியைப் பையில் திணித்து ஏறுவார்கள். பாதிப் பேர் தலை துவட்டியிருக்க மாட்டார்கள். குறை சொல்லவில்லை, கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அந்த ஈரமெல்லாம் தண்ணீராகப் படிந்து, ஒரு டியூப் வழியாக வெளியே சொட்ட வேண்டும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் சொட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும். என் வண்டியில் டியூப் மண்ணடைத்து, முன்சீட்டு மிதியடிக்கு அடியில் கார்ப்பெட் ஊறிக் கிடந்தது. காயிலில் பூஞ்சை. கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டர் அடுப்புக்கரி நிறம். இதற்கும் கேஸ்தான் போடச் சொன்னார்கள் என்றால் நம்புவீர்களா? மல்லிகை சென்ட் ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன்; அது சேர்ந்து குமட்டியதுதான் மிச்சம்.

டியூப் அடைப்பைக் குத்தி எடுத்து, காயிலைக் கழுவி, ஃபில்டரை மாற்றியதும் நாற்றம் போய்விட்டது. இப்போது வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே ஏசியை நிறுத்தி ப்ளோயரை மட்டும் ஓடவிடுகிறேன், காயில் காய்ந்துவிடும். இனிப்பு வாடை வந்து கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஆவி படிந்தால் அது இன்ஜினை ஆற்றும் கூலன்ட் கசிவு. ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட்டையோ கம்ப்ரஸரையோ பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

ஒர்க்ஷாப்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஓட்டை பார்க்காமல் கேஸ் போடாதீர்கள். பில்லில், வண்டியிலிருந்து எடுத்த கேஸ் எத்தனை கிராம், போட்டது எத்தனை கிராம் என்று எழுதுங்கள். பெட்ரோல் பங்கில்கூட "ஜீரோ பாத்துக்கங்கண்ணே" என்கிறார்கள். நான் இப்போது போகிற இடத்தில் சிலிண்டரைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்கிறேன். முதல் தடவை முகம் சுளித்தார்கள். போன தடவை நான் கேட்கும் முன்பே தராசை எடுத்து வைத்துவிட்டார் அந்தத் தம்பி.

இப்படிக்கு,
ஒரு டாக்ஸி ஓட்டுநர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.