ஊர் திரும்பிய சிப்பாய்க்கும் ஒரு தர்மகுரு வேண்டும்

வட ஆற்காட்டுப் பக்கத்துப் பூசாரிகளுக்கும் குருக்கள்மார்களுக்கும், ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும், பள்ளிவாசல் இமாம்களுக்கும், திரௌபதி அம்மன் கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் வணக்கம்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அது சொல்கிறது. மிச்சம் 263 பேர் அதற்கப்புறம் எப்படித் தூங்கினார்கள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. நூறு வருஷம் கழித்தும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் வந்துவிட்டது. திரும்பி வந்தவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

பட்டாளத்தில் இருக்கும்வரை ஒரு சிப்பாய்க்குச் சாமி விஷயத்தில் குறை கிடையாது. பண்டிட், மௌல்வி, சீக்கியருக்கு கிரந்தி, பாதிரியார் என்று ராணுவமே சம்பளம் கொடுத்து தர்மகுருக்களை வைத்திருக்கிறது. யூனிட்டில் கோயில் இருக்கும், எல்லோரும் ஒன்றாகப் போய்ச் சாமி கும்பிடும் மந்திர் பரேடு நடக்கும். கூட இருந்தவன் செத்துப்போனால் யாரிடம் போய் உட்காருவது என்று தெரியும். பென்ஷனில் வந்ததும் அது அப்படியே அறுந்துபோகிறது. பென்ஷன் வருகிறது, கேன்டீன் கார்டு இருக்கிறது, மாத்திரைக்கு முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் பாலிகிளினிக் இருக்கிறது. "நான் செஞ்சது பாவமா?" என்று கேட்க மட்டும் ஆள் இல்லை.

என் அப்பா இந்திய ராணுவத்தின் அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர். 1987-இல் போன படை 1990 மார்ச்சில்தான் முழுதாகத் திரும்பியது. ஏறத்தாழ 1,200 பேர் அங்கேயே செத்துப்போனார்கள். கூட இருந்த வடநாட்டுச் சிப்பாய்களுக்கு அங்கே வீட்டு வாசலில் அழுத கிழவியின் குரல் மட்டும்தான் கேட்டது. அப்பாவுக்கு அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. "நம்ம ஆயா மாதிரியே பேசுனா" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். கடைசியாகத் திரும்பிய படை சென்னையில் வந்து இறங்கியபோது மாநில முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அதன் அரசியலுக்குள் நான் போகவில்லை. ஆனால் ஊரே முகம் திருப்பிய இடத்தில் ஒரு மனுஷன் தன் மனக்குறையை யாரிடம் போய்ச் சொல்வான்?

தீபாவளி வந்தால் அப்பா கிணற்றடி மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுவார். தண்ணீர் தேவையோ இல்லையோ மோட்டாரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பார். ஊரில் அவருக்கு மிலிட்டரிக்காரர் என்று பெயர். அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் கேன்டீன் ரம் கேட்டுத்தான் வருகிறார்கள்.

அவரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் ஏறாத படி இல்லை. ஓர் இடத்தில் காத்து சேட்டை என்று எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் குலதெய்வக் குத்தம் என்றார்கள். அக்கம்பக்கத்தார் கூப்பிட்டார்கள் என்று ஒரு ஜெபக்கூட்டத்துக்கும் போனார்; மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். இறங்கி வந்தவர் பல நாள் பேசவே இல்லை. எல்லோரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்ல வந்ததை ஒருவரும் உட்கார்ந்து கேட்கவில்லை. ஆகஸ்ட் 15-க்குப் பொன்னாடை போர்த்தியவர்களும் கேட்கவில்லை.

தூக்கம் வராதது, திடுக்கிட்டு எழுவது, குடி எல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலூர் பாகாயத்தில் சிஎம்சி ஆஸ்பத்திரியின் மனநல மையம் இருக்கிறது. வீட்டு ஆட்களையும் கூடவே தங்க வைத்துத்தான் அங்கே வைத்தியம் பார்க்கிறார்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி யாருடைய மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது பாவம் என்று உபதேசம் பண்ணாமல், அன்றைக்கே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள்.

பயத்துக்கு மருந்து உண்டு. குற்ற உணர்ச்சியும் துக்கமும் வேறு. அதற்கு நம்மிடம் ஏற்கெனவே வழி இருக்கிறது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கதையைத் திருவிழாவாக வைத்தால், பதினெட்டாம் போர் அன்று காலையில் துரியோதனன் சாகும் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருப்பான். பீமன் தொடையில் அடித்ததும், அம்மன் கூந்தல் முடிந்ததும் கூட்டம் தீமிதிக்குக் கிளம்பப் பார்க்கும். அதற்கப்புறம்தான் கையில் துடைப்பத்தோடு காந்தாரி வேஷக்காரர் வந்து மாரடித்து ஒப்பாரி வைப்பார். அந்த ஒப்பாரி ஜெயித்தவனுக்கு இல்லை, செத்த எதிரிக்கு. அப்பா தீமிதி பார்க்க நிற்க மாட்டார். அந்த ஒப்பாரி முடியும்வரை மட்டும் புளியமரத்தடியில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார். அவர் அழுது நான் பார்த்தது அங்கேதான்.

தர்மகர்த்தாக்களே, ஒப்பாரி முடிந்ததும் ஒரு அரைமணி நேரம் மேளத்தை நிறுத்துங்கள். ஊரில் இருக்கும் முன்னாள் சிப்பாய்களை அழைத்து, அவரவர் மனதில் வைத்திருக்கும் பேருக்கு ஒரு விளக்கு ஏற்றச் சொல்லுங்கள். மாலை வேண்டாம், மைக் வேண்டாம், பேரை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டாம். குருக்கள்மார்களே, தர்ப்பணத்தில் சொந்தபந்தம் இல்லாதவர்களுக்கும் எள்ளுந்தண்ணீரும் விட இடம் இருக்கிறது. மகாளய அமாவாசைக்குப் பாலாற்றங்கரையில் அதை இவர்களுக்கு எடுத்துச் சொல்லிச் செய்து வையுங்கள். கூடச் செத்தவனுக்கும் விடலாம், எதிரில் செத்தவனுக்கும் விடலாம். கல்லறைத் திருநாளில் பங்குத்தந்தையும், ஜும்ஆ துஆவில் இமாமும் இதே நினைப்போடு ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ள முடியும்.

அதற்கு முன்னால், இவர்கள் பேசுவதைக் கேட்கப் பழக வேண்டும். சிஎம்சியில் நோயாளியின் கட்டிலருகே வந்து உட்காரும் சாப்ளின்களுக்கு, அதாவது ஆஸ்பத்திரிப் போதகர்களுக்கு, அந்தப் பழக்கம் உண்டு. அவர்களையும் நம் ஊர்ப் பூசாரி, இமாம், ஆயர்களையும் ஒரு நாள் ஒன்றாக உட்கார வைக்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் முன்வந்தால் பெரிய உதவி. வராவிட்டாலும் நீங்களே கூடிப் பேசலாம். அடுத்த பாரதத்துக்கு நாள் குறிக்கும் கூட்டத்தில் இதையும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் யார் யார் என்று நான் எழுதித் தருகிறேன், வீடு காட்டவும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் மகள்,
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.