உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கு ஒரு பங்குதாரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களே,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) போடும் சிறு விவசாயி நான். விவசாயிகளே பங்குபோட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் பங்குதாரர். அரசுப் பணம் நின்ற பிறகு நிறுவனம் எப்படிப் பிழைக்கும் என்று இயக்குநர்கள் யோசிப்பதில்லை என்பதுதான் என் குறை. எங்கள் நிறுவனத்துக்கு மட்டும் எழுதினால் ஊர்ச்சண்டை என்று ஒதுக்கிவிடுவார்கள். மற்ற ஊர்க்காரர்களிடம் பேசும்போதும் இதே குறையைத்தான் கேட்கிறேன். அதனால் எல்லா இயக்குநர்களுக்குமாக எழுதுகிறேன்.

2020 பிப்ரவரியில் இப்படி 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அதன்படி ஒரு நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவுக்காக மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். நாம் போடும் பங்குத்தொகைக்கு ஈடாக 15 லட்சம் வரை மானியமும் உண்டு. சிஇஓ என்கிற தலைமைச் செயல் அலுவலரின் சம்பளம், கணக்கர் சம்பளம், அலுவலக வாடகை எல்லாம் அந்த 18 லட்சத்தில்தான் ஓடுகின்றன. மூன்று ஆண்டு முடிந்தால் அது நின்றுவிடும். முதலில் தொடங்கிய பல நிறுவனங்களுக்கு அந்த நாள் வந்து போய்விட்டது. அதற்கு அப்புறம் எந்த வியாபாரத்தை வைத்துப் பிழைப்பது என்று உங்கள் இயக்குநர் குழு எப்போதாவது ஒரு முழு நாள் உட்கார்ந்து பேசியிருக்கிறதா?

வணிகத் திட்டம் தயாராக இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அலுவலக பீரோவில். நிறுவனத்தை அமைக்கவும் நடத்தவும் உதவும் ஆதரவு நிறுவனத்திலிருந்து வந்த தம்பி எழுதிக் கொடுத்தது, வங்கிக்கும் நபார்டு என்கிற ஊரக வளர்ச்சி வங்கிக்கும் காட்டியது. எங்கள் நிறுவனத்தின் திட்டத்தை நான் கேட்டு வாங்கிப் படித்தேன். உரக்கடை, மரச்செக்கு எண்ணெய், சிறுதானிய மாவு, மஞ்சள்தூள் பாக்கெட், கண்காட்சியில் கடை, ஆன்லைன் விற்பனை என்று எல்லாமே அதில் இருந்தன. எங்கள் பகுதியில் மஞ்சள் போடுகிறவர்கள் மிகக் குறைவு. அப்படியிருந்தும் மஞ்சள்தூள் எப்படித் திட்டத்துக்குள் வந்தது என்று எந்த இயக்குநராலும் சொல்ல முடியவில்லை. தீர்மானப் புத்தகத்தில் மட்டும் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது.

எல்லாவற்றையும் செய்வோம் என்று எழுதிவைப்பது திட்டம் ஆகாது. கையில் இருப்பது கொஞ்சம் பணம், ஒரு சிஇஓ, மாதம் ஒரு கூட்டம். இவ்வளவை வைத்துக்கொண்டு எதைச் செய்வது, எதைத் தொடவே கூடாது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

எங்கள் களத்தில் நடப்பதைச் சொல்கிறேன். அறுவடை முடிந்ததும் வியாபாரி வீட்டுக்கே வருவார். ஒரு கைப்பிடி காயை உடைத்துப் பருப்பைப் பார்ப்பார், வாயில் போட்டு ஈரம் பார்ப்பார், விலை சொல்வார். சாயங்காலத்துக்குள் பணம் கைக்கு வரும். விதைக்கிற நேரத்தில் முன்பணம் கொடுத்தவரும் அவரே. எடையில் கொஞ்சம் போகும், விலையிலும் கொஞ்சம் போகும், தெரிந்தேதான் கொடுக்கிறோம். நிறுவனத்துக்குப் போட்டால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும், எடையும் நியாயமாக இருக்கும். ஆனால் மூட்டையை நாமே ஏற்றிப் போக வேண்டும், நிறுவனத்திடம் வாங்கியவர் பணம் அனுப்பிய பிறகுதான் நமக்குப் பணம். கூலி பாக்கியும் நகைக்கடன் வட்டியும் அதுவரை காத்திருக்காது. பங்குதாரர்களுக்கு விசுவாசம் இல்லை என்று கூட்டத்தில் குறைப்படுகிறீர்கள். விசுவாசத்துக்கு இதில் வேலையே இல்லை. இரண்டே நாளில் பணம் கொடுக்க வழி செய்யுங்கள், மூட்டை தானாக வரும். இதற்காக நாப்கிசான், சமுன்னதி போன்ற நிறுவனங்கள் நடைமுறை மூலதனக் கடன், அதாவது அன்றாடக் கொள்முதலுக்கான கடன், கொடுக்கின்றன. எண்ணெய் பாட்டிலுக்கு லேபிள் எந்த நிறத்தில் என்று பேசிய நேரத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

எல்லோரும் மேடையில் உதாரணம் காட்டுவது அமுலைத்தான். சரி, அமுலையே எடுத்துக்கொள்வோம். 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள் சங்கம் தொடங்கியபோது பிராண்டும் இல்லை, விளம்பரமும் இல்லை. உறுப்பினரின் பாலை நியாயமான விலைக்கு எடுத்து மும்பைக்கு அனுப்புவது ஒன்றே வேலை. குளிர்காலத்தில் எருமைகள் கூடுதலாகக் கறந்தன, மும்பை அந்தக் கூடுதலை வாங்கவில்லை. அந்த நெருக்கடிதான் 1955-இல் பால்பவுடர் ஆலையைக் கொண்டுவந்தது. எருமைப் பாலில் பவுடர் செய்ய முடியாது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். முடியும் என்று காட்டியவர் எச்.எம். தலாயா என்ற பால்தொழில் வல்லுநர். பிராண்டு, வெண்ணெய் விளம்பரம் எல்லாம் அப்புறம்.

சங்கத் தலைவர் திரிபுவன்தாஸ் படேலைப் பற்றி இங்கே அதிகம் பேசுவதில்லை. சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்த வர்கீஸ் குரியன் என்ற இளைஞரை மேலாளராக வைத்துக்கொண்டு, விவசாயிகளின் நம்பிக்கையைத் தன் பொறுப்பாகவும் ஆலை நிர்வாகத்தைக் குரியன் பொறுப்பாகவும் பிரித்துக்கொண்டார் அவர். பல ஆண்டுகள் அந்தக் கோடு அழியவில்லை. நம் நிறுவனங்களுக்கான சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது: சிஇஓ முழுநேரமாக இருக்க வேண்டும், உறுப்பினர் அல்லாதவராக இருக்க வேண்டும். நடப்பில் நான் பார்ப்பது வேறு. சில இடங்களில் காசோலை முதல் மூட்டைக்கு வாங்கும் சணல் வரை தலைவரே முடிவெடுக்கிறார், சிஇஓ வெறும் எழுத்தர். வேறு சில இடங்களில் எல்லாமே சிஇஓ, தலைவர் கையெழுத்து மட்டும். முதல் வகையில் நல்ல சிஇஓ ஒரு வருடம் தாங்குவதில்லை. இரண்டாவது வகையில் சிஇஓ வேலையை விட்டுப் போன அன்று, எந்த வியாபாரியிடம் எவ்வளவு பாக்கி என்றுகூட யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொன்று. இயக்குநர் குழுவில் 15 பேர் வரை இருக்கலாம் என்கிறது சட்டம். எத்தனை நிறுவனங்களில் தலைவருக்கு அடுத்து ஒருவர் தயாராகிறார்? கூட்டத்தில் பின்வரிசையில் உட்காரும் பெண்களுக்கு மகளிர் குழுவில் பத்து, பதினைந்து வருடம் கணக்கு எழுதிய பழக்கம் உண்டு. கடன் கொடுத்து வசூலித்த அனுபவம் உண்டு. அவர்களில் இருவரைக் கொள்முதல் குழுவில் போடுங்கள். வியாபாரியிடம் விலை பேசப் போகும்போது கூட்டிப் போங்கள். அப்படித்தான் அடுத்த தலைவர் உருவாவார். பயிற்சி மையச் சான்றிதழ் அதற்குப் போதாது.

செப்டம்பருக்குள் ஆண்டுப் பொதுக்குழு கூடும். வரவேற்புரை, பொன்னாடை, போட்டோ எல்லாம் இருக்கட்டும். நிகழ்ச்சிநிரலில் இரண்டு பொருளைச் சேருங்கள். முதலாவது, வணிகத் திட்டத்தில் உள்ள எந்தெந்த வேலைகளை இந்த ஆண்டு கைவிடுகிறோம், ஏன் என்பது. இரண்டாவது, அந்த 18 லட்சம் நின்ற மாதத்திலிருந்து சிஇஓ சம்பளம் எந்த வரவிலிருந்து வரும் என்பது. இரண்டையும் சிஇஓ படிக்க வேண்டாம், தலைவரே எழுந்து நின்று தமிழில், கணக்கோடு சொல்லட்டும். ஆளுக்கு ஒரு ஓட்டு உள்ள நிறுவனம் இது. கேள்வி கேட்க நாங்கள் வந்திருப்போம்.

அன்புடன்,
ஒரு பங்குதாரர்