பகிர்ந்து பயன்படுத்தும் ஆராய்ச்சி எம்.ஆர்.ஐ ஸ்கேனர் வேண்டி மனு

அனுப்புநர்: உயிர்மருத்துவ ஆய்வாளர்கள் (கூட்டாக)
பெறுநர்: செயலாளர் அவர்கள், மருத்துவ ஆராய்ச்சித் துறை

பொருள்: ஆய்வுக்கென்றே தனியாக 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ ஸ்கேனர் ஒன்றை வாங்கித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூளை, இதயம், கல்லீரல், மூட்டு என்று ஆளுக்கொரு உறுப்பை ஆராயும் நாங்கள், மருத்துவமனை ஸ்கேனரில் மிஞ்சுகிற நேரத்தை நம்பித்தான் வேலை செய்கிறோம். நோயாளிகளுக்குத்தான் முதலிடம், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரவில் கிடைக்கும் ஒரு மணி நேரமும் அவசர நோயாளி வந்தால் போய்விடும், ஆய்வுக்கு வந்த தன்னார்வலர் திரும்பிப் போவார். இதைக்கூடச் சமாளிக்கலாம். ஆய்வு பாதி நடக்கும்போது மருத்துவமனை தன் தேவைக்காக மென்பொருளை மாற்றிவிட்டால்தான் தலைவலி. அளவில் தெரியும் வேறுபாடு நோயால் வந்ததா, இயந்திரத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. எம்.ஆர்.ஐ-யில் எக்ஸ்-ரே போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லாததால் ஒருவரையே ஆண்டுக்கணக்கில் பலமுறை படமெடுக்கலாம். அந்தப் பெரிய வசதியே இதனால் வீணாகிறது.

7 டெஸ்லாவே கேட்கலாமே என்று தங்களுக்குத் தோன்றலாம். எங்களுக்குள்ளும் அந்த விவாதம் நடந்தது. காந்தப்புலம் கூடினால் சமிக்ஞையும் கூடும், உண்மைதான். ஆனால் அந்த வலிமையில் ரேடியோ அலையின் நீளம் உடலுக்குள் சுருங்கிவிடுவதால் வயிறு, இதயம் போன்ற இடங்களில் படம் திட்டுத் திட்டாக இருண்டுபோகிறது. 2017-இல் அமெரிக்காவில் முதல் 7 டெஸ்லா கருவிக்கு மருத்துவ அனுமதி கிடைத்ததும் தலைக்கும் கைகால்களுக்கும் மட்டும்தான். உடலில் உலோகக் கருவி பொருத்தியவர்கள் பலரை அதில் படுக்க வைக்கவும் முடியாது. எல்லாத் துறையினருக்கும் உதவுவது 3 டெஸ்லாதான்.

இயந்திரத்தின் விலையை மட்டும் ஒதுக்கினால் போதாது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். ஸ்கேனரில் உள்ள மீக்கடத்துக் காந்தம் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் காந்தம்) மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும், குளிரூட்டி இரவு பகலாக ஓட வேண்டும். வெளி ரேடியோ அலை புகாத அறை, காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் ஆவியானால் வெளியேறும் குழாய், தடையில்லா மின்சாரம், பல ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். அப்புறம், ஆள். எம்.ஆர்.ஐ இயற்பியலாளர் ஒருவரும் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்களும் நிரந்தரப் பணியில் இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் பூட்டிய அறையில்தான் கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. தயாரிப்பாளருடன் ஆராய்ச்சி ஒப்பந்தம் இல்லாவிட்டால் நாங்கள் சொந்தமாகப் படமெடுப்பு முறைகளை எழுதி ஓட்டுவது கடினம். பதப்படுத்தாத மூலத் தரவைப் பயன்படுத்துவதற்கும் அந்த ஒப்பந்தத்தையே நம்பியிருக்க வேண்டியிருக்கும். இதை டெண்டரிலேயே நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். வாங்கிய பிறகு கேட்டால் தனி விலை சொல்வார்கள், பேரம் பேச நம் கையில் ஒன்றும் இருக்காது.

ஸ்கேனர் எந்த நிறுவனத்தின் கட்டடத்தில் இருந்தாலும் நேர ஒதுக்கீடு அந்த நிறுவனத்திடம் இருக்கக் கூடாது. எல்லோரும் இடம்பெறும் குழு ஒன்று அதைப் பார்க்கட்டும். மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தத் தயாராக இருக்கிறோம். மாணவர்களின் முன்னோட்ட ஆய்வுக்கு மட்டும் சில மணி நேரம் இலவசமாக வேண்டும்.

டெண்டர் விவரக்குறிப்பு எழுதப்படும் முன் எங்கள் பிரதிநிதிகள் தங்களைச் சந்திக்க நேரம் ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஆய்வாளர்கள்