பிள்ளைகளின் கை வெடிப்பு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் ஐந்தாம் வகுப்பு நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கறைகள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னதும்தான் விஷயம் புரிந்தது. விரல் முட்டிகள் சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. கட்டைவிரல் நகத்தோரம் ஒரு வெடிப்பு. பென்சிலை அழுத்தும்போதெல்லாம் அது விரிந்து ரத்தம் கசிந்திருக்கிறது. "எரியுது, அதனால நான் கை கழுவுறதில்ல" என்றாள். அதைக் கேட்டபிறகு எனக்கு மனசே சரியில்லை.

குளிர் நாட்களில் காற்றில் ஈரப்பதம் குறைவு. ஹீட்டர் ஓடும் அறையிலும் காற்று காய்ந்துதான் இருக்கும். தோலில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. புறங்கைத் தோலோ மெல்லியது. இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப்பசையையும் சோப்பும் சுடுதண்ணீரும் கழுவிக்கொண்டு போய்விடும்.

அதற்காகக் கை கழுவுவதை நிறுத்திவிடக் கூடாது. சளியும் வயிற்றுப்போக்கும் பரவாமல் இருக்க, சோப்புப் போட்டு 20 விநாடி கழுவத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் சூடாக இருக்க வேண்டியதில்லை, வெதுவெதுப்பாக இருந்தால் போதும். வாசனை இல்லாத மென்மையான சோப்பு நல்லது. சோப்பு மிச்சமில்லாமல் அலசிவிட்டுத் துண்டால் ஒற்றியெடுக்கச் சொல்லுங்கள், தேய்க்க வேண்டாம். விரலிடுக்குகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஈரக் கையோடு குளிரில் வெளியே ஓடுவதுதான் பாதி வெடிப்புக்குக் காரணம் என்பேன்.

துடைத்த கையோடு, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பழக்கிவிட்டாலே பெரிய மாற்றம் தெரியும். தண்ணீராக ஓடும் லோஷனைவிட கெட்டியான கிரீம் மேல். அதைவிட பெட்ரோலியம் ஜெல்லி போன்ற களிம்பு ஈரத்தை நன்றாகப் பூட்டி வைக்கும். பிசுபிசுப்பைப் பிள்ளைகள் விரும்ப மாட்டார்கள். சரி, பகலில் கிரீம், இரவில் களிம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும்முன் தாராளமாகத் தடவி, மேலே பருத்திக் கையுறை போட்டுவிட்டால் காலையில் கை மிருதுவாக இருக்கும். யூரியா கலந்த கிரீம் வெடித்த இடத்தில் எரியும், அது இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

வெடிப்பு ஏற்கெனவே விழுந்திருந்தால் களிம்பு வைத்து மேலே பிளாஸ்டர் ஒட்டுங்கள். தொங்கும் தோலைப் பிய்க்க விடாதீர்கள். சுற்றிலும் சிவந்து சூடாகி வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஓரிரு வாரம் கவனித்தும் ஆறாமல் அரிப்பும் இருந்தால் எக்ஸிமா என்ற தோல் அழற்சியாக இருக்கலாம், அதற்கும் டாக்டர்தான். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகப் போட வேண்டாம்.

பள்ளியில் இனி ஒவ்வொரு பிள்ளையும் பெயர் எழுதிய சின்ன டப்பாவில் கிரீம் வைத்துக்கொள்ளலாம். மதிய இடைவேளை முடிந்ததும் அதைத் தடவிக்கொள்ள ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். சிலருக்கு ஒவ்வாமை இருப்பதால் ஒருவருடையதை இன்னொருவர் எடுக்க வேண்டாம்.

அப்புறம், கையுறை. நனைந்த கையுறையை மாட்டிக்கொண்டே இருப்பது இன்னும் கெடுதல். பையில் இன்னொரு ஜோடி போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்