ஓடாதவர்களையும் பாருங்கள்: மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மதிப்பிற்குரிய மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு-அதீத இயக்கக் குறைபாடு, என்றவுடன் உங்களில் பலருக்கு நினைவில் வருவது ஏழு வயதுப் பையன் ஒருவன். உங்கள் மேசைமேல் கிடக்கும் ஸ்டெதஸ்கோப்பை இழுப்பான், சுழல் நாற்காலியில் ஏறிச் சுற்றுவான், உங்கள் கண்ணெதிரிலேயே அம்மாவிடம் அடி வாங்குவான். நானோ நாற்பதைக் கடந்த பெண். திருச்சியில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். அதனாலேயே எனக்கு இந்தக் குறைபாடு இருப்பது பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. மனச்சோர்வு என்றார்கள், பதற்றம் என்றார்கள், தைராய்டு பார்க்கச் சொன்னார்கள், யோகாவுக்கு அனுப்பினார்கள். கோவிலுக்குப் போய்வந்தால் மனம் ஒருநிலைப்படும் என்றார் ஒரு மருத்துவர். போய்வந்தேன், செருப்பை அங்கேயே விட்டுவிட்டு.

வகைகள் மூன்று என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கவனக்குறைவு மேலோங்கியது ஒன்று, அதீத இயக்கமும் அவசரமும் மேலோங்கியது ஒன்று, இரண்டும் கலந்தது ஒன்று. பாடப்புத்தகத்தில் தனித்தனிப் பத்திகளில் இருக்கும் இவற்றில் முதல் இரண்டும் எங்கள் வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தன. அவை பெரியவர்களான பிறகு எப்படித் தெரிகின்றன என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஓடுகிற ரகம் என் தம்பி. சிறுவயதில் அவன் உங்கள் பாடப்புத்தகம் சொன்னபடியே நடந்துகொண்டான்: கொய்யா மரம், கை முறிவு, தலைமையாசிரியர் அறை. இப்போது மரம் ஏறுவதில்லை. ஆனால் கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவான். சினிமாவில் இடைவேளைக்கு முன்பே வெளியே போய் நிற்பான். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். காலை ஆட்டினால் வீட்டுக்குத் தரித்திரம் என்று பாட்டி கடைசிவரை திட்டிப் பார்த்தாள். நீங்கள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவன் முடித்துவைப்பான், பெரும்பாலும் தப்பாக. வேலையை விட வேண்டும் என்று காலையில் தோன்றினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பான். ஒரு நாள் மாலை, மனைவியின் வளையலை அடகு வைத்துப் பழைய சரக்கு ஆட்டோ ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தான். அதற்கு முந்தைய நாள்வரை ஆட்டோ என்ற பேச்சே வீட்டில் எழுந்ததில்லை.

ஊர் இதற்கு வைத்த பெயர் பொறுப்பில்லாதவன். யாரும் நோய் என்று நினைக்கவில்லை, ஏனென்றால் ஓட்டம் இப்போது அவன் காலில் இல்லை. “அக்கா, உள்ளே ஒரு மோட்டார் அணையாமல் ஓடுகிறது” என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். பெரியவர்களைச் சலித்தெடுக்க உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சுயவினாத்தாளின் முதல் பகுதியில் ஆறு கேள்விகள் இருக்கின்றன. ஆறாவது கேள்வி ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது. அவன் அந்தத் தாளை அப்போது பார்த்ததே இல்லை.

அதே ஆறில் முதல் நான்கு கேள்விகள் என்னைப் போன்றவர்களுக்கானவை. வேலையின் கடைசித் துண்டை முடிக்காமல் விடுவது, பொருட்களையும் வேலைகளையும் ஒழுங்குபடுத்த முடியாமல் திணறுவது, கொடுத்த வாக்கையும் குறித்த நேரத்தையும் மறப்பது, யோசிக்க வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுவது. படிக்கும்போது இது எல்லா மனிதர்களுக்கும் உள்ளதுதானே என்று தோன்றும். எந்த அளவில், எத்தனை காலமாக என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் அளவைக் கொஞ்சம் காட்டுகிறேன்.

மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி வரிக்கணக்குப் படிவத்தின் கடைசி நாள் 20ஆம் தேதி. தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அதற்கு மேல் வட்டி. 19ஆம் தேதி மாலை என்னைப் பார்க்கிற எவரும், இவளுக்கா கவனக்குறைவு என்று சிரிப்பார்கள். கெடு கழுத்தைப் பிடித்ததும் எனக்குப் பத்துக் கை முளைத்துவிடும். முதல் தேதியிலிருந்து 18ஆம் தேதிவரை அதே கோப்பு என் திரையில் திறந்தபடியே கிடந்திருக்கும். ஒரு கொள்முதல் பில்லைச் சரிபார்க்கத் தொடங்குவேன். அதில் உள்ள எச்எஸ்என் எண், அதாவது சரக்கின் வகையைக் குறிக்கும் எண், சரிதானா என்று தேடப் போவேன். பெருங்காயம் எந்தத் தலைப்பில் வரும் என்று பார்ப்பேன். பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது என்பதைப் படித்து வியந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்தில் விளக்கை அணைப்பார்கள். ஊரார் வரிக்கணக்கையெல்லாம் கெடுவுக்குள் முடிக்கிறவள், சொந்த வீட்டு மின்கட்டணத்தைக் கட்ட மறந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கணக்கில் பணம் இருந்தது.

வீட்டுவேலை இதைவிடக் கொடுமை. அதற்குக் கெடுவும் இல்லை, முடித்தோம் என்ற நிம்மதியும் இல்லை. வாஷிங் மெஷினில் துணியைப் போட்டு மறந்து, மறுநாள் நாற்றமெடுத்த பிறகு திரும்ப ஓட்டி, அதையும் மறந்து, மூன்றாம் நாள் மாமியார் எடுத்துக் காயப்போட்டால், அன்று வீட்டில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. ஆண் மறந்தால் மறதிக்காரன். பெண் மறந்தால் வளர்ப்பு சரியில்லை என்று பேச்சு தாய்வீடுவரை போகும். எனவே பெண்கள் மறைக்கக் கற்றுக்கொள்கிறோம். சுவரெல்லாம் சீட்டு ஒட்டுகிறோம், கைபேசியில் அலாரத்துக்கு மேல் அலாரம் வைக்கிறோம், வெளியே கிளம்பு முன் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறோம். உங்கள் அறைக்கு வரும்போது நாங்கள் காட்டுவது இந்தக் களைப்பைத்தான். அழுகையும் தூக்கமின்மையும் உங்கள் கண்ணில் படுகின்றன; மாத்திரை அவற்றுக்கு எழுதப்படுகிறது.

அது பொய்யான நோயறிதல் என்று நான் சொல்லவில்லை. மனச்சோர்வு எனக்கு உண்மையிலேயே இருந்தது. ஆண்டுக்கணக்கில் சோம்பேறி என்று கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் வரும். ஆனால் மனச்சோர்வுக்கு ஒரு தொடக்கம் உண்டு, இன்ன ஆண்டிலிருந்து இப்படி என்று வீட்டார் சொல்வார்கள். இதற்கு அப்படி ஒரு நாள் கிடையாது. இரண்டாம் வகுப்பு ரேங்க் கார்டில் என் ஆசிரியை எழுதியிருக்கிறார்: “கெட்டிக்காரி. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.” தம்பியின் கார்டில், வகுப்புக்குத் தொந்தரவு. தொந்தரவு கொடுத்தவனுக்காக அப்பாவைப் பள்ளிக்கு அழைத்தார்கள். ஜன்னலைப் பார்த்தவளுக்கு ஒரு கேடயம் கொடுத்து அனுப்பினார்கள், நன்னடத்தைக்காக.

நீங்கள் படித்த காலத்துப் புத்தகங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி என்ற நோய் வகைப்பாட்டின் 10ஆம் பதிப்பில் இந்தக் குறைபாட்டின் பெயரே அதீத இயக்கக் கோளாறு. கவனக்குறைவோடு ஓட்டமும் இருந்தால்தான் அந்தத் தலைப்புக்குள் இடம். ஓடாத கவனக்குறைவு, எஃப்98.8 என்ற மிச்சசொச்சக் கணக்கில், நகம் கடித்தல், மூக்கு நோண்டுதல், விரல் சூப்புதல் ஆகியவற்றோடு சேர்த்துப் போடப்பட்டிருந்தது. கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இதரச் செலவு என்ற தலைப்பில் போட்டதை எந்தத் தணிக்கையாளரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இலேயே ஓட்டம் இல்லாத கவனக்குறைவுக்குத் தனி இடம் கொடுத்தது. 1987இல் அதைக் கலைத்தது. 1994இல் மூன்று வகையாக்கித் திருப்பிக் கொண்டுவந்தது. ஐசிடி 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆகவே பழைய புத்தகத்தில் படித்தவர்களை நான் குறைசொல்லவில்லை. புதியது வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

“பி.காம். முதல் வகுப்பு, அதோடு கணக்கு வேலை. உங்களுக்கு எப்படியம்மா இது இருக்கும்?” என்று என்னிடம் ஒரு மருத்துவர் கேட்டார். பள்ளியில் என் பையை அடுக்கியது அம்மா. பரீட்சைத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டதும், ஹால் டிக்கெட்டைத் தன் கைப்பையில் வைத்திருந்ததும், காலை நான்கு மணிக்குக் காபியோடு பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தால் தொடையில் கிள்ளியதும் அம்மா. அந்த முதல் வகுப்பில் பாதி அவருடையது. கல்யாணமாகி முட்டுக்கொடுக்க ஆள் இல்லாமல் போனது, மகள் பிறந்தாள், ஒரு மூளைக்கு இரண்டு மூளையின் வேலை வந்தது. அப்போதுதான் எல்லாம் சரிந்தது. குறைபாடு அப்போது வரவில்லை; முட்டு அப்போது விலகியது. திருமணத்துக்குப் பிறகு ‘திடீரென்று இப்படி ஆகிவிட்டாள்’ என்று யாராவது ஒரு பெண்ணைக் கூட்டிவந்தால், அதற்கு முன் அவளுக்காக யார் எதையெல்லாம் செய்தார்கள் என்று கேளுங்கள்.

அந்த அம்மா, நான் மருத்துவரிடம் போகும்போதெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே யாரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் ஒரு சிக்கல் இருந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். “எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான், இவள் அப்பாவும் அப்படித்தான்” என்று சாதாரணமாகச் சொல்லியிருப்பார். இரட்டையர் ஆய்வுகள் இந்தக் குறைபாட்டில் மரபின் பங்கை 70 சதவீதத்துக்கும் மேல் என்று கணிக்கின்றன. பரம்பரையாக வருவது பரம்பரைக் குணமாகத் தெரிவதில் வியப்பில்லை. வீட்டார் “அப்படி ஒன்றுமில்லை” என்றால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், “அப்படி” என்றால் எப்படி என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கும்.

எனக்கு விடை கிடைத்ததும் ஒரு கேள்வியால்தான். முதலில் பரிசோதனைக்குப் போனவன் தம்பி. ஆட்டோ வந்த பிறகு அவன் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று அந்த உளவியலாளர் கேட்டிருக்கிறார். “இல்லை, என் அக்கா எனக்கு நேரெதிர். கூப்பிட்டால்கூடக் காதில் விழாது” என்றானாம். அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தனக்கு ஏடிஎச்டி என்று வந்து நிற்கிறவர்களால் உங்களுக்கு இருக்கும் எரிச்சல் எனக்குப் புரிகிறது. சாவி தொலைத்தவர்களுக்கெல்லாம் முத்திரை குத்தச் சொல்லவில்லை. உலக அளவிலான மதிப்பீடுகள் பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்கின்றன. எல்லாருக்கும் இருக்க வழியில்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா, வீடு, அலுவலகம் என இரண்டிடங்களிலாவது தெரிகிறதா, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து பெரியவருக்குப் பொருந்துகின்றனவா என்ற வரம்புகள் காரணத்தோடுதான் இருக்கின்றன. ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத்தடை, குடி, இருதுருவக் கோளாறு எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். எனக்குத் தைராய்டு பார்க்கச் சொன்னது சரி. அது சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி வரவில்லை என்பதே என் குறை. ஏழு வகை இருக்கிறது, மூளையைப் படம் பிடித்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும் என்று அமெரிக்காவில் பணம் வாங்கிக்கொண்டு சொல்கிறவர்களும் உண்டு. அந்த ஏழும் எந்த அதிகாரபூர்வ வகைப்பாட்டிலும் இல்லை. இருக்கிற மூன்றைப் பார்த்தால் எங்களுக்குப் போதும். அந்த மூன்றும் ஆயுள் முத்திரை அல்ல. தம்பி வயது ஏற ஏற என் பக்கமாக நகர்ந்து வருகிறான், போன தீபாவளிக்குத் தன் வண்டிச் சாவியைப் பட்டாசுப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தான்.

மருந்து பற்றி ஒரு சிறு வேண்டுகோள். இந்தக் குறைபாட்டுக்குத் தரப்படும் மீதைல்ஃபெனிடேட், கடுமையான கட்டுப்பாடுள்ள எக்ஸ் அட்டவணை மருந்து. சீட்டு இரண்டு பிரதிகள் வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதற்கெனத் தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். ஒற்றைச் சீட்டோடு எங்களை அனுப்பினால், கடை கடையாக ஏறி, போதைப் பழக்கக்காரியைப் பார்ப்பதுபோன்ற பார்வையை வாங்கிக்கொண்டு, பாதியில் வேறு ஏதோ நினைவு வந்து வீடு திரும்பிவிடுவோம். மறதிக்காரர்களுக்கான மருந்தை இத்தனை படி ஏறி வாங்க வேண்டியிருப்பது சட்டத்தின் தேவை. எந்தக் கடையில் இருக்கிறது என்று சீட்டின் ஓரத்தில் எழுதித்தருவது உங்கள் கையில் இருக்கிறது.

மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருகிற மருத்துவர்களுக்கு ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். அதற்குள் பிள்ளைப்பருவத்தை விசாரிக்க முடியாது. ஆனால் அந்த வரிசை மணிக்கணக்கில் நீள்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும்போதே நோயாளி நிரப்ப ஒரு தாள், கூட வந்தவர் நிரப்ப ஒரு தாள் என்று செவிலியர் கொடுத்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் குறித்துக்கொள்ளலாம். கேள்விகள் நாங்கள் வாழும் வீட்டைப் பற்றியவையாக இருக்க வேண்டும்: ரேஷன் கடைக்குப் போய் என்ன வாங்க வந்தோம் என்று மறந்து நின்றதுண்டா, பந்தியில் கடைசிவரை உட்கார முடிகிறதா, பள்ளிக்கூடத்தில் உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள்.

அப்படி ஒரு தாளை நீங்கள் தயாரிப்பதாக இருந்தால் அதன் தமிழைச் சரிபார்த்துத் தர நான் தயார். சம்பளம் வேண்டாம். கடைசித் தேதி ஒன்றை மட்டும் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு கணக்கர்